அறிகுறி அடங்கியதும் மருந்தை விடலாமா?
வலியும் வயிற்றுப்போக்கும் நின்றுவிட்டால் குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய்க்கான மருந்தை மெல்ல விட்டுவிடலாம் என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிகுறி அடங்கினாலும் குடலின் உள்சுவரில் புண் ஆறாமல் இருக்கலாம். அது தழும்பேறிக் குடலைச் சுருக்கிவிட்டால் அப்புறம் அறுவை சிகிச்சை வரை போகக்கூடும். என் தம்பி நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடியிருந்த நேரத்தில்தான் மலப் பரிசோதனையில், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு எகிறியிருந்தது. கேமரா குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்கள் தெரிந்தன. மேலே கருத்திட்ட ஒருவர் ஸ்டீராய்டிலேயே காலம் தள்ளுவதாக எழுதியிருக்கிறார். கிளம்பிய அழற்சியை அடக்கத்தான் அது, நெடுநாளைக்கு அல்ல. எலும்பை வலுவிழக்கச் செய்துவிடும். சரி என்று திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நோய் எதிர்ப்பாற்றலைத் தணித்து அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் அசாதயோபிரின் போன்ற மருந்து வேலைசெய்யவே 2, 3 மாதம் பிடிக்கும் என்பதால், மாற்றுவது பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள்.