எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள் என்று கேட்காதீர்கள்

மதுவுக்கோ ஐஸுக்கோ (மெதம்பெட்டமைன்) தூளுக்கோ (ஹெரோயின்) அடிமையான ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்கள், மட்டக்களப்பிலும் சரி அம்பாறையிலும் சரி, ஒரு சிகிச்சை நிலையத்தைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றன: எவ்வளவு செலவாகும், இதுவரை எத்தனை பேர் குணமாகியிருக்கிறார்கள். முதலாவது நியாயமான கேள்வி. இரண்டாவதற்குக் கிடைக்கும் பதிலை நம்பி எவரையும் எங்கும் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் கருத்து. பாதியில் நின்றுபோனவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுக் கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால், எந்த நிலையமும் தொண்ணூறு சதவீதம் என்று பலகை எழுதி மாட்டலாம்.

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதமானோர் ஏதோ ஒரு கட்டத்தில் மீண்டும் பாவனைக்குத் திரும்புகிறார்கள் என்றும், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களிலும் இதை ஒத்த அளவு பின்னடைவு உண்டு என்றும் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பாவனை ஆய்வு நிறுவனம் கூறுகிறது. அப்படியானால், வீட்டிலிருந்து வந்துபோகும் ஒருவருக்குச் சிகிச்சையளிக்கும் வெளிநோயாளர் நிலையத்தின் தரம், மீண்டும் குடித்துவிட்டு வருபவரையும் வராமலே விட்டவரையும் அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் தெரியும்.

எங்கள் மக்களுக்கு வெளிநோயாளர் சிகிச்சையில் நம்பிக்கை குறைவு. எங்காவது கொண்டுபோய் ஆறு மாதம் அடைத்து வைத்தால் திருந்திவிடுவான் என்றே எண்ணுகிறோம். ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வருவது அதே சந்திக்கும் அதே கூட்டாளிகளிடமும்தான். ஹெரோயின் பாவித்தவராயின் இடைப்பட்ட காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால், பழைய அளவை ஒரேயொரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடக்கூடும். தன் ஊரிலேயே, தன் வீட்டிலேயே இருந்தபடி பாவனையைத் தவிர்க்கப் பழகுவது கடினம். ஆனால் இறுதியில் எல்லோரும் அதைப் பழகித்தான் ஆகவேண்டும்.

அதற்காக எல்லோரையும் வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆகவேதான் முதல் நாள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். எதை, எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது எடுத்தீர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, தற்கொலை எண்ணம் உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் நேரே அறிவுரைக்குப் போகும் இடம் ஆபத்தானது. சாராயமோ கள்ளத்தனமாகக் காய்ச்சிய கசிப்போ நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாதவை தெரியும், ஆட்களை அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள். இதைப் பேய்க்கோளாறு என்று நம்பிப் பார்வை பார்க்கக் கொண்டுபோகும் வீடுகளும் எங்களிடையே உள்ளன. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை; உடனடியாக வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டியது. இத்தகையவரை முதல் நாளிலேயே இனங்கண்டு, “இவரை நாங்கள் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, வைத்தியசாலை விடுதியில் அனுமதியுங்கள்” என்று கடிதம் கொடுத்து அனுப்பும் நிலையத்தை நான் முழுமனதோடு நம்புவேன்.

அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள் என்று ஏதாவது மருந்துப் பொடியோ மாத்திரையோ தருபவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று போய் மரணமும் நேரலாம். இது சிகிச்சையே அல்ல. குடியை நிறுத்த உதவும் நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பற்றி வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லாததால், அங்கே உளவளத்துணைதான் சிகிச்சை. அதுவும் ஒரே உளவளத்துணையாளரிடம் வாராவாரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல்.

இனி, மீண்டும் பாவித்துவிட்டு வருபவர். சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டதும் பெயரை வெட்டிவிடும் நிலையங்களைக் குடும்பங்கள் “கண்டிப்பான இடம்” என்று புகழ்வதை நான் கேட்டிருக்கிறேன். நீரிழிவுக்காரருக்குச் சீனி கூடிவிட்டது என்பதற்காக எந்தக் கிளினிக்கும் அவரது புத்தகத்தைக் கிழித்துப் போடுவதில்லை. அந்தப் பரிசோதனையின் முடிவை வைத்து, எந்த நாளில், யாரோடு, என்ன மனநிலையில் எடுத்தார் என்று பொறுமையாகக் கேட்டுச் சிகிச்சையை மாற்றுபவரே தொழில் தெரிந்தவர். வராமல் விட்டவரை அந்த வாரத்துக்குள்ளேயே தொலைபேசியில் அழைக்க ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடம் மிகக் குறைவு.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கான சிகிச்சை நிலையம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். பார்க்கக் கேட்பதில் வெட்கமில்லை. சந்தேகமிருந்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எங்கள் ஊர்களில் இரகசியம் காப்பது சிகிச்சையின் பாதி. காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ வரிசையில் நிற்பவரை அடுத்த தெருக்காரர் கண்டுவிட்டால், மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். திருமண வயதில் தங்கை இருந்தால் அந்த இளைஞர் மறுமுறை வரமாட்டார். பெயர் சொல்லி உரக்க அழைக்காத, பொதுவான மனநல கிளினிக்கோடு சேர்ந்து இயங்குகிற, தாய்க்கும் மனைவிக்கும் தனியாகப் பேச நேரம் ஒதுக்குகிற இடத்தைத் தேடுங்கள். அடிவாங்கிய பெண்ணை அடித்தவருக்குப் பக்கத்தில் இருத்திவைத்து விசாரிப்பதைச் சிகிச்சை என்று ஏற்க முடியாது.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் அறிந்த கிளினிக்குகள் பெரும்பாலும் முற்பகலில் நடக்கின்றன. விடியுமுன் கடலுக்குப் போய் வெயிலேறித் திரும்பும் திருக்கோவில் மீனவரும், கொக்கட்டிச்சோலையிலிருந்து பேருந்து பிடித்து வரவேண்டிய கூலித்தொழிலாளியும் அந்த நேரத்துக்கு வந்தால் அன்றைய உழைப்பை இழக்கிறார்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்களுக்கு அக்கறையில்லை என்று பதிவேட்டில் எழுதுவதை விட்டு, வாரத்தில் ஒரு மாலையாவது கிளினிக்கைத் திறந்து வைக்கும்படி சுகாதார அதிகாரிகளிடம் நாங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தை எழுத நான் தயார். கையொப்பமிட விரும்புவோர் கீழே தெரிவியுங்கள்.