ஐபிபிஐ பதிவும் வருமான வரிப் பதிவும் ஒன்றல்ல

நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தில், அதாவது ஐபிபிஐயில், சொத்து மதிப்பீட்டாளராகப் பதிந்துவிட்டால் வருமான வரிக்கும் அதுவே போதும் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் ‘பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்’ என்ற ஒரே பெயர் இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இரண்டும் தனித்தனிப் பதிவுகள்.

ஐபிபிஐ பதிவு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 247ஆம் பிரிவின் கீழ் வருவது. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1962 வருமான வரி விதிகளின் 11யூ விதியோ, 1957 செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின்படி பதிந்தவரையே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் என்றது. செல்வ வரி வசூல் 2015இல் கைவிடப்பட்ட பிறகும் இந்தப் பிரிவு பயன்பட்டு வந்தது. பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். தகுதிகள் செல்வ வரி விதிகளின் 8ஏ விதியில், சொத்தின் வகைவாரியாக இருந்தன. நிலம், கட்டடம் மதிப்பிட சிவில் பொறியியல், கட்டடக்கலை போன்ற பட்டத்துடன் பல ஆண்டு அனுபவமும் வேண்டியிருந்தது.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் 11யூ, 8ஏ இரண்டையும், இப்போது நடப்பில் உள்ள விதிகளையும் திறந்து படித்துப் பாருங்கள். மதிப்பீட்டாளரை அமர்த்துவோர், அவருடைய சான்றிதழில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஐபிபிஐ பதிவுக்கான தேர்வுக் கட்டணம் கட்டவிருக்கும் நண்பர்கள் அதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.