புலிச் சட்டை மஞ்சள் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் தன்னுடைய திப்பு படையை டப்பாவில் அடுக்கி, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 28 மி.மீ. உயரப் பொம்மைச் சிப்பாய்கள், முப்பது பேர். மீசை நுனி வரைக்கும் தீட்டியிருந்தார். ஆனால் எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, கறுப்பு வரி! “புலிச் சட்டைன்னா புலி மாதிரிதானே சார் இருக்கணும்?” என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் திப்புவின் காலாட்படை போட்ட அந்தப் ‘புலிச் சட்டை’யைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயர் எழுதிவைத்தது வேறு: ஊதாக் கம்பளித் துணி, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். புலியிடமிருந்து எடுத்தது வடிவத்தை மட்டும்தான். 1791-ல் இதே ஊர்க் கோட்டையில் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸை எதிர்த்து நின்ற படை. அதற்கு நம் கற்பனையில் தோன்றிய நிறத்தை அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

இதைச் சொல்கிற நானும் ஒரு காலத்தில் கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் ஒரே பாட்டில் சிவப்பு பெயிண்ட்டை அடித்தவன்தான். அப்புறம்தான் சாயத்தைப் பற்றிப் படித்தேன். பிரிட்டிஷ் படையில் அதிகாரியின் சட்டைக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த பளீர்ச் சிவப்பு. சாதாரண சிப்பாய்க்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச் சாயம். விலை மலிவு, செங்கல் நிறத்துப் பக்கம் சாயும். செயற்கைச் சாயம் வந்ததே 1856-க்குப் பிறகு. அதற்குமேல் நம்ம ஊர் வெயில் வேறு. இதில் எந்த பாட்டில் ‘சரியான’ சிவப்பு என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மாமா சொல்வார்: “ஒரே நாள்ல குடுத்த யூனிஃபார்ம்தான்டா. ஆறு மாசம் கழிச்சு பரேட்ல பாரு, பத்து பச்சை இருக்கும்.”

அதனால் இப்போது ஒரு வரிசைக்கு மூன்று சிவப்பு கலக்கிறேன். 28 மி.மீ. பொம்மையைக் கைநீட்டிப் பார்ப்பது, நிஜ ஆளை முப்பது நாற்பது மீட்டர் தள்ளிப் பார்ப்பது மாதிரி. தூரத்தில் நிறம் கொஞ்சம் வெளுக்கும். அதற்காக வெள்ளையை ஊற்றினால் சட்டை ரோஸ் ஆகிவிடும். ஒரு சொட்டுத் தோல்நிறம் போதும். ராத்திரி மஞ்சள் பல்பில் மட்டும் கலக்காதீர்கள். காலையில் பால்கனியில் வைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

நண்பர் முகம் தொங்கிப்போனது. டெட்டாலில் ஊறப்போட்டு பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயிண்ட் உரிந்துவிடும் என்றேன். நேற்று போன் செய்தார். எட்டுப் பேர் உரிந்தாயிற்று, வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனையாம்.