அந்தக் கடையில் ஓர் இன்ச் டேப் கூட இல்லை

நெற்றியில் நான்கு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த இரவு, ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்தேன். பின்பக்கத்துப் பட்டைக்கு அடியில் வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர். 58–62 செ.மீ. என்று அச்சிட்டிருந்தது. தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்தேன். 55. மறுபடியும் அளந்தேன். அதே 55.

எட்டு மாதம்! மூன்று சென்டிமீட்டர் பெரிய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் எட்டு மாதம் சைக்கிளில் இறங்கியிருக்கிறேன். அன்று காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சில்வர் ஓக் மரத்தின் வேர் ஒன்று பாதையின் குறுக்கே ஈரமாகக் கிடந்தது. முன்சக்கரம் அதில் வழுக்கியது. நான் தரையைத் தொடுவதற்குள் ஹெல்மெட் பின்னால் சரிந்துவிட்டது. கல்லில் மோத வேண்டியது ஹெல்மெட்டின் முன்விளிம்பு. மோதியது என் நெற்றி.

இதை வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கோவையில் பெரிய கடை. சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைக் கேட்டார்கள், கால் நீளத்தைப் பார்த்தார்கள், மீடியம் ஃப்ரேம்தான் பொருந்தும் என்றார்கள், சீட்டை ஏற்றி இறக்கி அரைமணி நேரம் செலவிட்டார்கள். ஹெல்மெட் என்றதும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து என் தலையில் வைத்து, பின்னாலிருக்கும் திருகை முறுக்கி, "கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது சார்" என்றார் அங்கே நின்ற தம்பி. அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. சட்டை தைக்கப் போனால் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை அளக்கிறார்கள். செருப்புக் கடையில் காலின் அளவைக் கேட்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. உயிரைக் காக்க வேண்டிய பொருளுக்கு மட்டும் அளவே கிடையாதா?

அந்தத் திருகு என்ன செய்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பின்மண்டையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை அது இறுக்கும். அடியைத் தாங்கும் தெர்மோகோலை ஒரு மில்லிமீட்டர் கூடச் சுருக்காது. தலைக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே காலி இடம் இருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் பொருந்தியதுபோல் தெரியும். சோதித்துப் பார்ப்பது சுலபம். தாடைப்பட்டையை மாட்டாமல், திருகை இலேசாக இறுக்கி, தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்ட வேண்டும். நெற்றித் தோலும் ஹெல்மெட்டும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் தனியாக ஆடினால் பெரியது. பிறகு தாடைப்பட்டையை மாட்டிவிட்டு, முன்விளிம்பில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ள வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிகிற அளவுக்கு ஏறினால் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை எனக்கு யாரும் தரவில்லை.

"வைசர் இருக்கிறது சார், எம்டிபி ஹெல்மெட்தான்" என்றும் சொன்னார்கள். எம்டிபி என்றால் மவுண்டன் பைக், மலைப்பாதைச் சைக்கிள். வைசர் என்பது வெயிலையும் தாழ்ந்த கிளையையும் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. மலைப்பாதைக்கு முக்கியம் பின்மண்டை. ஏற்றத்தில் சக்கரம் பிடிமானத்தை இழந்தால் மல்லாந்து விழுவோம். கீழே கல் இருக்கும். ஹெல்மெட் பிடரிக்கு மேல் வரை இறங்கிவர வேண்டும், நெற்றிப்பொட்டின் ஓரங்களையும் மூட வேண்டும். எனக்கு விற்றது பின்மண்டையில் பாதியிலேயே நின்றுவிடும் ரோட்டு ஹெல்மெட். முன்னால் வைசரைச் செருகியிருந்தார்கள், அவ்வளவுதான். சரி, அவ்வளவு பயம் என்றால் மோட்டார் பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், காற்று புகாத ஒன்றைப் போட்டுக்கொண்டு பெடலை மிதித்து மலையேறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மலைப்பாதைச் சைக்கிளுக்கென்றே செய்கிற டிரெயில் ஹெல்மெட் பெரும்பாலும் 300 முதல் 400 கிராம்தான்.

"இஎன் 1078 முத்திரை இருக்கிறதே சார்" என்பது அடுத்த பதில். இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புமேல் விழச்செய்து, உள்ளே இருக்கும் பொம்மைத்தலைக்கு 250 ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்குக்கு மேல் அதிர்ச்சி போகக் கூடாது என்று பார்க்கிற ஐரோப்பியத் தரம் அது. தார் ரோட்டில் போகிறவருக்கும், ஸ்கேட்போர்டு விடும் பையனுக்கும், வேர்களின்மேல் இறங்கும் எனக்கும் அதே முத்திரைதான். தலை சாய்வாக மோதித் திருகிக்கொள்வதை அது அளப்பதே இல்லை. அதற்காகத்தான் ஸ்டாக்ஹோமில் மிப்ஸ் என்ற வழுக்கும் உள்ளடுக்கை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் அந்தத் திருகலையும் சேர்த்துச் சோதித்து 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுத்துவருகிறது. காசில்லாமல் யாரும் பார்க்கலாம். கடையில் மிப்ஸின் மஞ்சள் அடுக்கைக் காட்டி இது எதற்கு என்று கேட்டேன். வியர்வைக்கு என்றார்கள்! அதே இஎன் 1078 தான் தலையின் சுற்றளவையும் சென்டிமீட்டரில் ஹெல்மெட்டில் குறிக்கச் சொல்கிறது. முத்திரையைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த எண் மட்டும் கண்ணில் படவில்லை.

இன்ச் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் மீடியம், லார்ஜ். சின்ன அளவு "போகாது சார்" என்று வரவழைப்பதே இல்லையாம். கடைசியில் ஆன்லைனில் 51–55 ஒன்று, 55–59 ஒன்று என இரண்டையும் வரவழைத்து, சின்னது நெற்றியின் இருபுறமும் அழுத்தியதால் அதைத் திருப்பி அனுப்பினேன்.

பிறகு பழைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். கடைத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளியிடம் ஸ்டிக்கரைக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாமே" என்றார். பின்பக்கத் தெர்மோகோலில் விழுந்திருந்த விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம், இன்னும் ஓடும்" என்றார். ஒருமுறை நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழாது. அது தன் வேலையை முடித்துவிட்டது. அதை ஒட்டி இன்னொருவர் தலையில் மாட்டச் சொல்கிற மனிதர் ஹெல்மெட் விற்கிறார்!

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அப்பா மகளோடு வந்தார். எட்டு வயது இருக்கும். முதலாளி எடுத்துக் கொடுத்தது அந்தக் குழந்தையின் புருவத்தை மறைத்துக் கண்வரை இறங்கியது. "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்குங்கள், மூன்று வருடம் வரும்" என்றார். பள்ளிச் சீருடையை அப்படித்தான் வாங்குகிறோம், அதனால் அப்பாவும் தலையாட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு நிமிடம் சார்" என்று டேப்பை எடுத்து அளந்து காட்டினேன். குழந்தையின் தலை 51. ஹெல்மெட்டில் 54–58. அதற்குக் கீழே கடையில் ஒன்றுகூட இல்லை.

அப்பா என் நெற்றித் தையலைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். "வியாபாரத்தைக் கெடுக்கவே வந்தீர்களா?" என்று முதலாளி என்னிடம் கத்தினார். டேப்பை அவருடைய கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன்.