கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கொரில்லா

“நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள கொரில்லாக்கள், காட்டில் தானாக இறந்தவை, உடலோடு பதப்படுத்தப்பட்டவை” என்று ஒரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

தோல் அசல்தான். அதற்குள் இருப்பது சிற்பம்போல் செய்த உருவம், கண்கள் கண்ணாடி, பின்னாலுள்ள மலை ஓவியம். மார்பில் அறைந்தபடி ஆண் கொரில்லா நிற்கிறதே, அந்தத் தோரணைகூட மனிதர் தேர்ந்தெடுத்ததுதான்.

சரி, எப்படி இறந்தன? 1921இல் விலங்குகளைப் பதப்படுத்தும் நிபுணரான கார்ல் ஏக்லியின் குழுவினர் வேட்டையாடிக் கொண்டுவந்தவை அவை. அப்புறம் நடந்ததுதான் விசித்திரம்: சுட்ட அதே ஏக்லி, கொரில்லாக்களைக் காக்கச் சொல்லி, அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் மன்னரை வற்புறுத்தினார். 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது. அதன் காங்கோ பகுதிக்கு இன்று விருங்கா என்று பெயர்.