மிஸ்டு கால் கொடுத்தால் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் போடுவாரா?

கோத்தகிரி, குன்னூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “இந்த எண்ணுக்கு ஒரு லட்சம் மிஸ்டு கால் சேர்ந்தால், பச்சைத் தேயிலை விலைக்குக் குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் போட்டே ஆக வேண்டும்.”

இது தவறு. அப்படியொரு விதி அரசமைப்புச் சட்டத்தில் இல்லை.

அவசரச் சட்டம் பற்றிச் சொல்வது 123-வது பிரிவு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரே நேரத்தில் கூட்டத்தில் இருந்தால் அதைப் பிறப்பிக்க முடியாது; ஓர் அவையாவது கூட்டத்தில் இல்லாதபோதுதான் முடியும். அதுவும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி (74-வது பிரிவு). அந்த ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்தால் ஏற்க வேண்டும். மசோதாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்: 2006-இல் அப்துல் கலாம் ஆதாயப் பதவி (எம்.பி.க்கள் வகிக்கக் கூடாத, வருவாய் தரும் அரசுப் பதவி) மசோதாவைத் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார்.

நம் கருத்து குடியரசுத் தலைவரை எட்டுவது சுற்றுவழியில். உதகை, குன்னூர், கூடலூர் எம்.எல்.ஏ.க்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்; ஒவ்வொருவர் வாக்கின் மதிப்பும் 176. வாக்கின் மதிப்பை மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை வைத்தே இன்னும் கணக்கிடுவதால் அந்த எண்.

மனு அனுப்பத் தடையில்லை: ராஷ்டிரபதி பவன், புது தில்லி 110004. ஆனால் அது பெரும்பாலும் உரிய துறைக்குத்தான் போய்ச் சேரும். பச்சைத் தேயிலைக்கு மாதாந்திர சராசரி விலையை அறிவிப்பது தேயிலை வாரியம்; அதன் அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறதே! மனுவில் தொழிற்சாலை ரசீது நகல், தேதி, கிலோ, கொடுத்த விலை இருக்கட்டும்.

பிரிவுகளை மத்தியச் சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் படித்துப் பார்க்கலாம். மிஸ்டு காலால் மிஞ்சுவது யாரோ ஒருவர் கையில் உங்கள் செல்பேசி எண். தயவுசெய்து அந்தச் செய்தியை மேற்கொண்டு பகிராதீர்கள்.