மெட்ரோ ரயில் இருக்கட்டும், இந்தக் குழிய யாரு மூடுவா?

வந்தாச்சு. தேர்தல் தேதி இன்னும் வரவில்லை, இவர்கள் வந்தாச்சு. நேற்று எங்கள் தெருவின் முறை. முன்னால் மைக் கட்டிய ஆட்டோ, அதற்குப் பின்னால் சிங்காரி மேளம், மேளத்துக்குப் பின்னால் "வருங்கால மேயர்", அவருக்குப் பின்னால் காலைச் சாப்பாடு முடித்த தெம்பில் ஒரு கூட்டம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மனிதன் பேப்பரை விரித்து உட்காருகிற நேரம். கேட்டைத் திறப்பதற்குள் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்தார்கள். நோட்டீஸ் இல்லை ஐயா, புத்தகம். கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வழவழ தாள், எல்லாப் பக்கமும் கலர். "மாநகர மக்களின் வாழ்க்கைத் தரம் உயர எனது கொள்கைகள்." அட்டையில் கடலோரமாகக் கண்ணாடிக் கட்டிடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எந்த ஊரோ. நம் நாகர்கோவில் மணிமேடை ஒரு ஓரத்தில்கூட இல்லை.

சரி, கொள்கைக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்தப் பலகை.

குழியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். எங்களுடையது எதிர்வீட்டு டீச்சர் வாசலுக்கு நேராக இருக்கிறது. யார் தோண்டினார்கள்? தெரியாது. குழாய்க்கா, சாக்கடைக்கா, கேபிளுக்கா? அதுவும் தெரியாது. ஒரு ஆபீசில் கேட்டால் "அது எங்க வேலை இல்ல, அவங்களைக் கேளுங்க" என்பார்கள். அவங்களைக் கேட்டால் "நாங்க அப்பவே முடிச்சுக் குடுத்தாச்சே" என்பார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் விழுகிற மாவட்டம் இது. மற்ற ஊர்க் குழி வருஷத்துக்கு ஒரு தடவை நிரம்பினால், நம்மூர்க் குழி இரண்டு தடவை நிரம்பும். டீச்சர் பாவம், யாரையோ பிடித்து ஒரு பழைய கதவுப் பலகையைக் குறுக்கே போட்டு வைத்திருக்கிறார். பால்காரர் முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அதில்தான் போக்குவரத்து.

வருங்கால மேயர் அந்தப் பலகைக்கு வந்தார். இதை நான் பையத்தான் சொல்லுவேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலில் நின்றார். குழியைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்லவே முடியாது, குனிந்து, எட்டி, ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார். வலப்பக்கம் ஒருவர் முழங்கையைத் தாங்கினார். இடப்பக்கம் ஒருவர் தோளைத் தாங்கினார். பின்னால் ஒருவர், எதற்கென்று தெரியவில்லை, சால்வையைத் தாங்கினார். வலது காலை வைத்தார். பலகை கிரீச் என்றது. மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இடது காலையும் வைத்தார். நடுவுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து கேமராக்காரப் பையன் கத்துகிறான்: "அண்ணே, அப்படியே நில்லுங்க! கையெடுத்துக் கும்பிடுங்க! குழி தெரியாம எடுத்துருதேன்!"

குழி தெரியாமல்!

நின்றார். குழிக்கு மேலே, மூன்று பேர் தாங்க, கைகூப்பி, பல் தெரியச் சிரித்து, வாசலில் நின்ற டீச்சரிடம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"அம்மா, உங்க தெருவுல குறை ஏதாவது உண்டா?"

டீச்சருக்கு எண்பதை நெருங்குகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர், இவருக்கும் எடுத்திருக்கிறார். நிதானமாகச் சொன்னார்: "மக்களே, நீ நிக்கிற இடத்துக்குக் கீழ பாரு."

பார்த்தாரா? வானத்தைப் பார்த்தார். "நாம ஜெயிச்சு வந்தா இந்த ஊருக்கு மெட்ரோ ரயில் வருதும்மா!"

"அதுக்கில்ல மக்களே. இந்தக் குழிய யாரு மூடுவா?"

"ஸ்மார்ட் சிட்டி ஆக்கிருவோம்மா!"

"குழிய…"

"ஏர்போர்ட்டும் உண்டும்மா!"

கூட வந்த ஒருவர் டீச்சரையே அதட்டுகிறார்: "அண்ணன் கொள்கை பேசுதாரு, குறுக்க பேசாதீங்கம்மா." கொள்கை பேசுதாராம். குழிக்கு மேலே நின்றுகொண்டு.

அவர்கள் போன பிறகு, இருந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். கோபம் இன்னும் ஏறியதுதான் மிச்சம்.

கோவையும் மதுரையும் கேட்ட மெட்ரோவையே, 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று காரணம் சொல்லி 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலில் இருந்தது 2 லட்சத்து 24 ஆயிரம் சொச்சம் பேர். மிச்ச ஆளை அண்ணன் எங்கிருந்து இறக்குவார்? அதற்குக் கொள்கை இல்லை. வடசேரியிலிருந்து கோட்டாறு வரை முதல் கட்டமாம். டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறை எண்ணுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுமே ஐயா!

ஸ்மார்ட் சிட்டி அதைவிட அழகு. 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-ஓடு முடிந்தே போய்விட்டது. நடந்த காலத்தில் பக்கத்துத் திருநெல்வேலி இருந்தது, தூத்துக்குடி இருந்தது, நாகர்கோவில் பட்டியலில் இல்லை. அப்போதெல்லாம் அண்ணன் எங்கே இருந்தாரோ. அப்புறம் பெண்களுக்கு இலவச பஸ். அரசு டவுன் பஸ்ஸில் அது 2021 மே மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. போக, பஸ் மாநகராட்சியுடையதே இல்லை.

மாநகராட்சிக்கு வேலையா இல்லை? அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் 18 வேலைகள் எழுதியிருக்கிறது. தெருவிளக்கு, ரோடு, குடிநீர், குப்பை, பிறப்பு இறப்புப் பதிவு, சுடுகாடு வரைக்கும் உண்டு. பிறந்ததிலிருந்து எரிப்பது வரை அவர்கள் பொறுப்பு. அதில் தேடித் தேடிப் பார்த்தேன், ஏர்போர்ட் இல்லை. அட்டவணையில் இருப்பதோ புத்தகத்தில் இல்லை. ஓடை இல்லை, தெருநாய் இல்லை, பைக்கில் போகிறவன் முதுகைப் பற்றி ஒரு சொல் இல்லை. வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்கு தீப்பிடித்துப் புகைந்தால் சுற்றியிருக்கிற சனம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. அதற்கு அண்ணன் ஒதுக்கியிருப்பது அரை வரி: "குப்பையில்லா குமரி!" மோனை பிரமாதம். குப்பை எங்கே போகும்?

இதில் இன்னொரு கூத்து. இந்தக் கொள்கைப் புத்தகத்தைப் படித்து நாம் என்ன செய்ய? மேயருக்கு நாம் ஓட்டே போடுவதில்லையே. 1996-லும் 2011-லும் மாநகராட்சிகளில் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது நாம் நகராட்சி. 2019-ல் நம்மை மாநகராட்சி ஆக்கினார்கள். அதே 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு, மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள் என்று மாற்றிவிட்டார்கள். பந்தியில் நாம் உட்கார்ந்ததும் பாயசம் தீர்ந்துபோகிறது, எப்போதும். ஆக, 52 கவுன்சிலரில் பாதிக்கு மேல் கை தூக்கினால் அண்ணன் மேயர். புத்தகத்தை அந்த 52 பேருக்கு மட்டும் அச்சடித்திருந்தால் செலவாவது மிச்சம். அப்படியே மேயர் ஆனாலும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், தீர்மானம் போடலாம், நிர்வாகம் கமிஷனர் கையில். ஒரு தீர்மானம் போதுமே! இந்தக் குழி யாருடையது என்று ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள், மெட்ரோவை நான் கேட்கவே மாட்டேன்.

போன தடவை நடந்ததும் ஞாபகம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 19-ல் மை வைத்துக்கொண்டோம். மார்ச் 4-ல் மேயர்கள் வந்தார்கள். ஏப்ரல் 1-ல் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம். அது மாநில அரசின் முடிவு, எங்கள் கையில் இல்லை என்றார்கள். சரி, கையில் இல்லைதான். ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் ரயிலும் விமானமும் எப்படிக் கைக்குள் வந்துவிடுகிறது?

சாயங்காலம் போட்டோ வந்தது. தெரு வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கிறார்கள். பையன் சொன்னபடி செய்துவிட்டான், குழி இல்லை, பலகை இல்லை, தாங்கின மூன்று பேரும் இல்லை. அண்ணன் அந்தரத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே: "பொதுமக்களின் குறைகளைக் கேட்டறிந்தபோது." டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆறாம் கிளாஸ்லயும் இப்படித்தான். ஆத்தப் பத்திக் கேட்டா மலையப் பத்தி எழுதி வைப்பான்" என்றார். "மார்க்கு போட்டீங்களா டீச்சர்?" என்றேன். "கையெழுத்து நல்லா இருக்குமேன்னு போட்டுட்டேன் பிள்ளே" என்றார். ஆக, தொடங்கி வைத்ததே இவர்தான். இரண்டு பேரும் பலகைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். வேறு என்ன செய்ய?

சிரித்த களைப்புக்கு ஒரு ரசவடை சாப்பிடலாம் என்று கடைக்குப் போனால், அங்கே அடுத்தது. வடையைத் தனியாகப் பொட்டலம் கட்டி, ரசத்தைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறான். வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளணுமாம். ஊறப்போட்டுத் தந்தால் என்ன என்று கேட்டால், "ஊறினா உடைஞ்சு போவும் அண்ணாச்சி" என்கிறான். உடையட்டுமே! உடையாத ரசவடையை எவன் கேட்டான்? இதற்கு விலையும் ஏற்றியாச்சு.